முடிக்காத பாட்டின் முறை: ஆர்தர் ரஸ்ஸலின் இசை

1970களின் நடுவில், நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஒன்றுக்கொன்று சில நிமிட நடைத் தொலைவில் மூன்று இடங்கள் இருந்தன. வூஸ்டர் தெருவும் புரூம் தெருவும் சந்திக்கும் முனையில் 'த கிச்சன்'. புதிய இசைக்கும் காணொளிக் கலைக்கும் மேடை கொடுத்த கலைக்கூடம் அது. பிரின்ஸ் தெரு 99ஆம் எண்ணில் டேவிட் மன்குசோவின் 'த லாஃப்ட்'. அழைப்பு பெற்றவர்கள் மட்டும் கூடி விடிய விடிய ஆடிய இடம். மெர்சர் தெருவும் ஹவுஸ்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் 'த கேலரி'. அங்கே நிக்கி சியானோ என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். முதல் இடத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். மற்ற இரண்டுக்கும் வந்தவர்கள் ஆடினார்கள். பெரும்பாலும் இவர்களுக்கு அவர்களைத் தெரியாது. ஆனால் மூன்று கூடங்களிலும் ஒலித்த இசைக்கு அடிப்படை ஒன்றுதான்: சிறிய இசைத்துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது, மாற்றம் மிக மெதுவாக நிகழ்கிறது, ஒரு கட்டத்துக்குப் பிறகு கேட்பவரின் கால உணர்வே வேறாகிவிடுகிறது.

இந்த ஒற்றுமையைக் காதால் கண்டுகொண்டு, அதன்மீதே தன் வாழ்நாள் வேலையை அமைத்துக்கொண்டவர் ஆர்தர் ரஸ்ஸல். செல்லோ வாசித்தவர், பாடியவர், இசையமைத்தவர். இப்படித் திரும்பலில் கட்டப்படும் மினிமலிசச் செவ்வியல் இசையையும் எலக்ட்ரானிக் பாப்பையும் கலந்தவர் என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. கலப்பதற்கு முதலில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் வேண்டும். ரஸ்ஸலின் காதில் அவை இரண்டாக இருந்ததற்கு அவருடைய இசையில் சான்றில்லை. நாற்காலி போட்ட கூடத்தில் ஒலித்தால் அதற்கு ஒரு பெயர், நாற்காலி எடுத்துவிட்ட கூடத்தில் ஒலித்தால் இன்னொரு பெயர் என்று ஊர்தான் பிரித்து வைத்திருந்தது. அவர் பட்ட சிரமங்களில் பெரும்பகுதி இந்தப் பிரிவினையிலிருந்து வந்தது.

ரஸ்ஸல் 1951 மே 21 அன்று அயோவா மாநிலத்தின் ஆஸ்கலூசா என்ற சிற்றூரில் பிறந்தார். சோள வயல்கள் சூழ்ந்த ஊர். அம்மா செல்லோ வாசிப்பவர். மகனுக்கும் அந்தக் கருவி அப்படித்தான் வாய்த்தது. பதின்ம வயது முடிவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்பி சான் ஃபிரான்சிஸ்கோ சென்று ஒரு பௌத்தக் குழுவினரோடு தங்கினார். அங்கே செல்லோ வாசிக்கத் தடை. துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்திருக்கிறார். அதே ஊரில் மேற்கத்திய இசைப்பள்ளியிலும் படித்தார்; கூடவே அலி அக்பர் கான் நடத்திய இசைக்கல்லூரியிலும் சேர்ந்து இந்துஸ்தானி இசை கற்றார்.

இந்தக் கல்லூரியைக் கடந்துபோகக் கூடாது. சரோத் மேதை அலி அக்பர் கான் 1956இல் கல்கத்தாவில் தொடங்கிய கல்லூரியின் கலிஃபோர்னியக் கிளை 1967இல் உருவானது. அமெரிக்க மினிமலிசத்துக்கு இந்திய இசையோடு உள்ள உறவு அந்த இயக்கத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. ஃபிலிப் கிளாஸ் 1960களின் நடுவில் பாரிஸில் ரவிசங்கரின் திரைப்பட இசையை மேற்கத்தியக் கலைஞர்கள் வாசிப்பதற்காகக் குறியீடுகளில் எழுதிக்கொடுக்கும் வேலையில் இருந்தார். ரவிசங்கரிடமும் தபலா கலைஞர் அல்லா ரக்காவிடமும் தாளத்தைப் பற்றித் தெரிந்துகொண்டது தன் இசையை மாற்றியது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். லா மான்ட் யங்கும் டெர்ரி ரைலியும் கிரானா மரபுப் பாடகர் பண்டிட் பிரான் நாத்தின் சீடர்களானார்கள். ஆனால் கிளாஸ் இந்திய இசையிலிருந்து எடுத்துக்கொண்டது தாளத்தைக் கூட்டிக் கட்டும் முறை. யங் எடுத்துக்கொண்டது சுருதி. ரஸ்ஸல் எடுத்துக்கொண்டது இவற்றிலிருந்து வேறானது என்பது என் கேள்வியனுபவம். பாட்டு என்பது ஒருமுறை எழுதி முடித்து வைக்கும் பொருளாக இல்லாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக நிகழ வேண்டியதாக இருக்கலாம் என்ற நம்பிக்கையை அவர் எடுத்துக்கொண்டார். சரோத்தைப் போலவே செல்லோவிலும் மெட்டுகள் (ஃப்ரெட்) கிடையாது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு விரல் வழுக்கிக்கொண்டே போகலாம். பிற்காலப் பாடல்களில் அவர் குரலும் செல்லோவும் ஒன்றையொன்று தொடரும் விதத்தை, சரோத்தின் வழுக்கலைக் கேட்டுப் பழகிய காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்கை அவர் சந்தித்ததும் சான் ஃபிரான்சிஸ்கோவில்தான். கின்ஸ்பெர்கின் கவிதை வாசிப்புகளுக்குச் செல்லோவில் துணை நின்றார். 1973இல் நியூயார்க் வந்து மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்த சார்ல்ஸ் வூரினென் பன்னிரு ஸ்வர வரிசை முறையில் ஊறியவர், புலிட்சர் பரிசு பெற்றவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிறகு கின்ஸ்பெர்க் குடியிருந்த கிழக்கு 12ஆம் தெருக் கட்டடத்திலேயே ரஸ்ஸல் குடியேறினார். சில காலம் கின்ஸ்பெர்கின் வீட்டிலிருந்து கம்பி இழுத்துத்தான் அவர் வீட்டுக்கு மின்சாரம்.

1974இல், 23 வயதில், கிச்சனின் இசை இயக்குநரானார். அந்தப் பருவத்தில் அவர் செய்த துணிச்சலான காரியம், ஜொனதன் ரிச்மனின் 'மாடர்ன் லவர்ஸ்' என்ற ராக் குழுவை அந்த மேடைக்கு அழைத்தது. இரண்டு மூன்று ஸ்வரக்கூட்டுகளிலேயே சுற்றிச் சுற்றி வரும் ராக் பாட்டும் மினிமலிசம்தானே என்ற கேள்வியை அவர் கட்டுரையாக எழுதவில்லை. நிகழ்ச்சியாக நடத்திக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் ரீஸ் சாத்தம், கிளென் பிராங்கா போன்றவர்கள் மின்கிதார்களை அடுக்கி அதே எண்ணத்தைத் தனி வகையாகவே வளர்த்தார்கள்.

அவருடைய சொந்தப் படைப்பான 'இன்ஸ்ட்ருமென்டல்ஸ்' இதே காலத்தில் உருவானது. பௌத்த ஆசிரியர் ஒருவர் எடுத்த இயற்கைப் புகைப்படங்கள் அதற்குத் தூண்டுதல். 48 மணி நேரம் தொடர்ந்து வாசிக்கப்பட வேண்டிய சுழற்சியாக அதை அவர் கற்பனை செய்திருந்தார். நடந்ததெல்லாம் சில பகுதிகளின் நிகழ்ச்சிகள்தான். கிளாஸின் குழுவில் வாசித்த ஜான் கிப்சன், மாடர்ன் லவர்ஸின் பேஸ் கிதார் கலைஞர் எர்னி புரூக்ஸ், டிராம்போன் கலைஞர் பீட்டர் ஜுமோ ஆகியோரெல்லாம் ஒரே குழுவில் அதை வாசித்தார்கள். டெர்ரி ரைலியின் 'இன் சி' (1964) 53 சிறு துணுக்குகளால் ஆனது. ஒவ்வொரு கலைஞரும் ஒரு துணுக்கைத் தான் விரும்பும் அளவுக்குத் திருப்பி வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அந்தச் சுதந்திரத்தை ரஸ்ஸல் இன்னொரு பக்கம் திருப்பினார். 'இன்ஸ்ட்ருமென்டல்ஸ்' கேட்டால் வானொலியில் வரும் இனிய பாப் பாட்டு ஒன்றின் முன்னிசை மாதிரி இருக்கும். பாட்டு இதோ தொடங்கப் போகிறது என்று காத்திருப்போம். அந்தக் காத்திருப்பே திரும்பத் திரும்ப வரும். இனிமைக்கு அவர் வெட்கப்படவில்லை. சிறுவர்களும் முணுமுணுக்கும் எளிய பாப் மெட்டின்மேல் அவருக்கு உண்மையான மதிப்பு இருந்தது. பௌத்த மனநிலையில் அப்படிப்பட்ட பாட்டு எழுதுவதுதான் ரஸ்ஸலின் ஆசை என்று கின்ஸ்பெர்க் நினைவுகூர்ந்திருக்கிறார். பாப் டிலனைக் கண்டெடுத்த ஜான் ஹேமண்டுக்காக மாதிரிப் பாடல்களைப் பதிவு செய்துகொடுத்ததும் இதே காலம். அந்த வாய்ப்பு கைகூடவில்லை.

1976–77 வாக்கில் அவர் கேலரிக்குப் போகத் தொடங்கினார். அங்கே அவர் எதைக் கேட்டிருப்பார் என்பதை அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்திலிருந்து சொல்லிவிடலாம். டிஸ்கோவில் பேஸ் டிரம் ஒவ்வொரு அடியிலும் விழுகிறது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. டிஜே இரண்டு டர்ன்டேபிள்களில் ஒரு தட்டின் முடிவை அடுத்த தட்டின் தொடக்கத்தோடு இழைக்கிறார். பாட்டு முடிந்தது என்று சொல்ல ஒரு இடமே வருவதில்லை. 12 அங்குல ஒற்றைத் தட்டு வந்ததும் மூன்று நிமிடப் பாட்டைப் பத்து நிமிடத்துக்கு நீட்ட முடிந்தது. 1976இல் 'டென் பர்சென்ட்' என்ற பாட்டை டிஜே வால்டர் கிப்பன்ஸ் அப்படி விரித்தார்; கடைகளில் விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குல ரீமிக்ஸ் தட்டு அதுதான். டிரம்மை மட்டும் தனியே விட்டு, குரலை எடுத்து, பிறகு ஒவ்வொரு கருவியாகத் திரும்பக் கொண்டுவரும் வேலை அது. அடுத்த ஆண்டே தயாரிப்பாளர் ஜியோர்ஜியோ மொரோடரும் பாடகி டானா சம்மரும் 'ஐ ஃபீல் லவ்' பாட்டின் பின்னணியை ஏறக்குறைய முழுக்கச் சிந்தசைசரிடம் ஒப்படைத்தார்கள். ஒரே இசைத்துணுக்கு, கை சலிக்காத இயந்திரத்தால், இடைவிடாமல். மினிமலிச இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' படைப்பை அரங்கேற்றியது 1976இல். இவற்றை அடுத்தடுத்துக் கேட்டுப்பார்த்தால் ரஸ்ஸலுக்கு நேர்ந்தது புரியும்.

முதல் பலன் 1978இல் வந்தது. சையர் நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்கோ ஒற்றைத் தட்டான 'கிஸ் மீ அகெய்ன்', 'டைனோசர்' என்ற பெயரில். உடன் தயாரித்தவர் நிக்கி சியானோ; கிதார் வாசித்தவர் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டேவிட் பர்ன். பதின்மூன்று நிமிடம் நெருங்கும் அந்தப் பாட்டின் அடியில் ரஸ்ஸலின் செல்லோ உறுமிக்கொண்டிருக்கும். அடுத்து, டிஜே ஸ்டீவ் டக்விஸ்டோவுடன் சேர்ந்து 'லூஸ் ஜாயின்ட்ஸ்' குழு. இங்கே ஃபிலடெல்ஃபியாவின் இங்கிரம் சகோதரர்களைத் தாளப் பகுதிக்கு அமர்த்தினார். லாஃப்டில் ஆடிக்கொண்டிருந்தவர்களையே பாட அழைத்தார். பிசிறு தட்டாத ஸ்டுடியோக் குரல்கள் வேண்டாம், ஆடும் உடம்பிலிருந்து வரும் குரல் வேண்டும் என்ற தேர்வு அது. 1980இல் 'இஸ் இட் ஆல் ஓவர் மை ஃபேஸ்' பாட்டை 'பாரடைஸ் கராஜ்' நடனக்கூடத்தின் டிஜே லாரி லவான், ஆண்குரல்களை நீக்கிப் பெண்குரலை முன்னே வைத்து மறுகலவை செய்தார். ஆடுகளங்கள் அந்த வடிவத்தைத்தான் ஏற்றுக்கொண்டன. தன் பாட்டை இன்னொருவர் கலைத்துப்போட்டு அடுக்குவதை இசையமைப்பின் தொடர்ச்சியாக ஏற்கப் பெரும்பாலான செவ்வியல் இசையமைப்பாளர்களால் அன்று முடிந்திருக்காது. ரஸ்ஸல் அந்தக் கதவைத் தானே திறந்துவைத்தார்.

'24→24 மியூசிக்' படைப்பில் இரு உலகங்களும் நேருக்கு நேர் நின்றன. 1979இல் அது கிச்சனில் வாசிக்கப்பட்டது. 24 தாள அளவுகளுக்கு ஒருமுறை தாளக்கட்டு நகரும் என்பது பெயரின் பொருள்; அந்தக் கணக்குக்குள் கலைஞர்கள் மனோதர்மமாக வாசிக்க வேண்டும். கணக்கைச் சொன்னால் சோதனை இசைக் கூடத்துக்குப் பொருத்தமான படைப்புதான். ஆனால் மேடையில் ஒலித்தது டிஸ்கோத் தாளம். ராக்கை ஏற்றுக்கொண்ட அதே வட்டாரத்தில் பலருக்கு டிஸ்கோ நெருடியது.

ஏன் நெருடியது என்று கேட்க வேண்டும். இசையளவில் காரணம் தேடினால் கிடைக்காது. டிஸ்கோ யாருடைய இசை என்று பார்த்தால் கிடைக்கும். கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்க மக்கள், தற்பாலீர்ப்பாளர்கள் ஆகியோர் கூடிய ஆடுகளங்களில் அது வளர்ந்தது. அதே 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து கலவரமானது. கிச்சனின் நாகரிகமான கேட்போர் அப்படிப்பட்டவர்கள் அல்லர். ஆனாலும் எந்தத் திரும்பல் சிந்தனைக்குரியது, எந்தத் திரும்பல் வெறும் கேளிக்கை என்று அவர்கள் வைத்திருந்த கோடு, இசையை மட்டும் பார்த்துப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

'24→24 மியூசிக்' 1981இல் 'டைனோசர் எல்' என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது. அதை வெளியிட்டது வில் சோக்கலாவுடன் சேர்ந்து ரஸ்ஸல் தொடங்கிய 'ஸ்லீப்பிங் பேக்' நிறுவனம். அதிலுள்ள 'கோ பேங்' பாட்டை டிஜே பிரான்சுவா கெவோர்கியன் மறுகலவை செய்தபின் அது ஆடுகளங்களின் நிலைத்த பாட்டுகளில் ஒன்றானது. அதில் ஆர்கன் வாசித்து, அடித்தொண்டையிலிருந்து உச்சத்துக்குப் பாய்ந்து பாடுபவர் ஜூலியஸ் ஈஸ்ட்மன். கறுப்பினத்தவர், தற்பாலீர்ப்பாளர், மினிமலிசத்தின் பெரும் படைப்புகளில் ஒன்றான 'ஃபெமினைன்' (1974) எழுதியவர். 1983இல் கிளாஸின் சாத்தம் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ரஸ்ஸலின் வாத்தியக்குழுப் படைப்பான 'டவர் ஆஃப் மீனிங்' இசைத்தட்டை நடத்தியவரும் அவரே. நாடக இயக்குநர் ராபர்ட் வில்சனின் 'மெடியா' தயாரிப்புக்காக எழுதப்பட்டு, இருவரும் கருத்து மாறுபட்டதால் மேடையேறாமல் போன இசை அது. ஈஸ்ட்மன் பின்னர் வீடிழந்தார். வெளியேற்றப்பட்டபோது அவருடைய இசைப்பிரதிகள் பலவும் தொலைந்தன. 1990இல் இறந்தார். 'கோ பேங்' என்ற ஒரே பாட்டில் ரஸ்ஸலும் ஈஸ்ட்மனும் இருப்பதைத் தற்செயல் என்று விட எனக்கு மனமில்லை. மினிமலிசத்தின் எழுதப்பட்ட வரலாறு நெடுங்காலம் யங், ரைலி, ரைஷ், கிளாஸ் என்ற நான்கு பெயர்களோடு நின்றுபோனது. அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள்தான் ஆடுகளத்துக்கு வழி கண்டார்கள்.

ரஸ்ஸலின் உச்சம் எது என்று கேட்டால், நான் ஆடுகளப் பாட்டு எதையும் சொல்ல மாட்டேன். 1986இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் எக்கோ'வைச் சொல்வேன். செல்லோ, குரல், எதிரொலிக் கருவி, ஒலிச்சிதைவு, கொஞ்சம் கைத்தட்டுத் தாளம். டிரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் பட்டியலைப் பாருங்கள்: 'லெட்ஸ் கோ ஸ்விம்மிங்', 'ட்ரீ ஹவுஸ்'. இவை நடனத்தட்டுகளாகவும் வந்த பாட்டுகள். வால்டர் கிப்பன்ஸ் கலவை செய்த 'லெட்ஸ் கோ ஸ்விம்மிங்' 12 அங்குலத் தட்டில் தாளக்கருவிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுந்துகொண்டே இருக்கும். எந்தக் காலில் ஆடுவது என்றே தெரியாது. ஆல்பத்தில் அதே பாட்டு, செல்லோவின் தாழ்ந்த கம்பி சுருதியாக நிற்க, வில்லின் உரசலே தாளமாக, முணுமுணுப்புக்கும் பாட்டுக்கும் இடையிலான குரலில் வருகிறது. சொற்கள் உயிரெழுத்துகளாகக் கரைந்து நீள்கின்றன. எதிரொலியின் கால இடைவெளி எங்கேயோ ஒரு அடியைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. டிரம் போன பிறகும் ஆட்டம் போகவில்லை. திரும்பல், சுருதி, ஆட்டம், மெட்டு என்று தனித்தனியே பெயர் சொல்லிப் பழகியவை இந்த ஆல்பத்தில் பிரிக்க முடியாதபடி இருக்கின்றன. அது வந்தபோது அதிகம் விற்கவில்லை.

அதே ஆண்டுகளில் அவர் வீட்டிலேயே டிரம் மெஷினும் கீபோர்டும் வைத்துப் பாப் பாட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். 'தட்ஸ் அஸ்/வைல்ட் காம்பினேஷன்' பாட்டில் ஜெனிஃபர் வார்ன்ஸ் உடன் பாடுகிறார், ஹாலிவுட் படப் பாட்டுக்கு ஆஸ்கர் விழா மேடை கண்ட குரல். எளிய காதல் பாட்டுதான். ஆனால் டிரம் மெஷினின் அழுத்தம் எங்கே விழும் என்று எதிர்பார்க்கிறோமோ அங்கே விழாமல் ஒதுங்கிப் போகிறது, செல்லோ அந்த இடைவெளியை நிரப்பாமல் சுற்றிக்கொண்டு போகிறது. நாள்தோறும் செய்த கலவையை வாக்மேனில் போட்டுக்கொண்டு ஹட்சன் ஆற்றங்கரையில் நடந்தபடி கேட்பார், வீடு திரும்பி மாற்றுவார், மறுபடி நடப்பார். ஆல்பம் கேட்டுக் காத்திருந்த நிறுவனங்களுக்கு முடிந்த வடிவம் போய்ச் சேரவில்லை. எய்ட்ஸ் நோயின் பாதிப்பில் 1992 ஏப்ரல் 4 அன்று, 40 வயதில் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிநாடாக்கள் மிஞ்சின. ஒரே பாட்டுக்கு நாற்பது கலவைகள்கூட இருந்தன.

எதையும் முடிக்கத் தெரியாதவர், தன் திறமையைத் தானே வீணடித்தவர் என்ற சித்திரம் இங்கிருந்துதான் பிறந்தது. அவரை நேசித்து எழுதியவர்களும் இதை இரக்கத்தோடு திருப்பிச் சொல்கிறார்கள். இது தவறு என்று கருதுகிறேன். 48 மணி நேரச் சுழற்சியை 23 வயதில் கற்பனை செய்தவர், எங்கு நுழைந்தாலும் பொருந்தும் துணுக்குகளால் எழுதியவர், தன் தட்டை லவானிடமும் கெவோர்கியனிடமும் கிப்பன்ஸிடமும் கலைக்கக் கொடுத்தவர், நடனப்பாட்டைத் தனிச் செல்லோவாக்கியவர். இத்தனை ஆண்டுகள் ஒரே திசையில் நடந்தவரின் நாற்பதாவது கலவையை மட்டும் தயக்கம் என்று எப்படிச் சொல்வது? ஒரே கீர்த்தனையை ஒவ்வொரு கச்சேரியிலும் வேறு நிரவலோடு கேட்கும் நமக்கு, எது இறுதி வடிவம் என்ற கேள்வி எழுவதே இல்லை. அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலுக்கு அந்தக் கேள்வியில்தான் வருமானம். அவருக்கு வெற்றியில் ஆசை இல்லாமல் இல்லை, பணமுடையும் இருந்தது. அந்த இழுபறி அவரை வதைத்திருக்கும். ஆனால் வதைத்தது அவருடைய முறைக்கும் சந்தைக்கும் இடையிலிருந்த பொருத்தமின்மை.

இறந்தபின் அவர் பெயர் வளர்ந்தது. 1994இல் கிளாஸ் சார்ந்த பாயின்ட் மியூசிக் நிறுவனம் ஒலிநாடாக்களிலிருந்து 'அனதர் தாட்' என்ற தொகுப்பை எடுத்தது. 2004இல் ஸ்டீவ் நட்சனின் ஆடிகா நிறுவனம் 'காலிங் அவுட் ஆஃப் கான்டெக்ஸ்ட்' வெளியிட்டது. அந்த எலக்ட்ரானிக் பாப் பாட்டுகளை அன்றைய இளம் கலைஞர்கள் சமகாலத்தவரின் ஆல்பம்போலக் கேட்டார்கள். 2008இல் மேட் வுல்ஃபின் ஆவணப்படம், 2009இல் டிம் லாரன்ஸின் வாழ்க்கை வரலாறு. 2016இல் கான்யே வெஸ்ட் தன் ராப் பாட்டொன்றில் ரஸ்ஸலின் 'ஆன்சர்ஸ் மீ'யை எடுத்தாண்டார். 2019இல் 'அயோவா ட்ரீம்', 2023இல் 'பிக்சர் ஆஃப் பன்னி ராபிட்' என்று இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

இந்த வெளியீடுகளுக்கு நான் நன்றியுள்ளவன். இவை இல்லையென்றால் ரஸ்ஸலை நாம் கேட்டே இருக்க மாட்டோம். ஆனால் ஒவ்வொரு தொகுப்பும் நாடாக்களில் உள்ள பல வடிவங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, இறுதி வடிவம்போல நம் முன் வைக்கிறது. அவர் எடுக்க மறுத்த முடிவை அவருக்காக மற்றவர்கள் எடுக்கிறார்கள். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, கிடைக்கிற அத்தனை கலவைகளையும் அவை உருவான வரிசையில் தருகிற ஒரு பதிப்பு வர வேண்டும். பாரதி பாடல்களுக்குப் பாடபேதங்களோடு பதிப்பு போடுகிற அதே அக்கறை இதற்கும் தேவை. மூல ஒலிநாடாக்களும் கையெழுத்துப் பிரதிகளும் இப்போது நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவில் இருக்கின்றன. அந்தப் பதிப்புக்கு வேண்டிய மூலம் அங்கே ஒரே கூரையின்கீழ் கிடைக்கிறது.